நம் வீட்டுக் கணினியின் சாவி யாரிடம்?

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஓசையின்றி ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அன்று எந்தக் கணினியும் பழுதாகி நின்றுவிடவில்லை. முந்தைய நாள் எப்படி இயங்கினவோ, அப்படியேதான் அன்றும் இயங்கின. ஆனால் அவற்றில் இருந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை, முன்பே அறிவித்திருந்தபடி, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அன்றோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. சரி, புதிய விண்டோஸ் 11க்கு மாறிவிடலாம் என்று முயன்ற பலருக்கு, அவர்களது கணினி அதற்குத் தகுதியானது அல்ல என்ற செய்தியே பதிலாகக் கிடைத்தது.

ஏன் தகுதி இல்லை? வேகம் போதவில்லையா? நினைவகம் போதவில்லையா? பல கணினிகளில் அப்படிப்பட்ட குறை எதுவும் இல்லை. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியானபோது, அது இயங்க டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கணினியில் இருக்க வேண்டும் என்றும், நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் உள்ள பிராசசர் இருக்க வேண்டும் என்றும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. இதனால் ஏறத்தாழ 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. நமது பள்ளிகளிலும் பங்கு அலுவலகங்களிலும் நன்கொடையாகப் பெற்றும், சிறுகச் சிறுகச் சேமித்தும் வாங்கப்பட்ட பழைய கணினிகள் பல இந்த வகையைச் சேர்ந்தவையே.

கண்முன்னே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை, அதை விலைகொடுத்து வாங்கியவரைக் கேட்காமலேயே, இனி அது உதவாது என்று வேறொருவர் சொல்லிவிட முடிகிறது. நாம் வாங்கிய கருவி நமக்குக் கீழ்ப்படிகிறதா, அல்லது அதைச் செய்து விற்றவருக்குக் கீழ்ப்படிகிறதா? இந்தக் கேள்வியை இன்று சற்று அலசிப் பார்ப்போம்.

நம்பிக்கை என்ற பெயரில்

இக்கதை 1999ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இன்டெல், ஐ.பி.எம்., எச்.பி., காம்பேக், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து பெரிய நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. அது 2003இல் டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் என்ற பெயரில் மாற்றி அமைக்கப்பட்டது. டிரஸ்டட் கம்ப்யூட்டிங் என்பதை நாம் 'நம்பகக் கணினி முறை' என்று சொல்லலாம். 2002இல் மைக்ரோசாஃப்ட் 'பல்லேடியம்' என்ற பெயரில் இதே வழியில் ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் பெயரை மாற்றியது. பின்னர் அத்திட்டம் முழுவடிவில் வெளிவரவே இல்லை. ஆனால் அதன் அடிப்படையான சில்லு மட்டும் மெல்ல மெல்ல நமது கணினிகளுக்குள் வந்து அமர்ந்துகொண்டது.

அந்தச் சில்லு செய்வது என்ன? மூன்று வேலைகளைச் சொல்லலாம். முதலாவது, கணினியை இயக்கும் நேரத்தில் எந்தெந்த மென்பொருள் எந்த வரிசையில் தொடங்குகிறது என்பதை அளந்து குறித்துக்கொள்கிறது. இந்தக் குறிப்பை, அடுத்து வரும் மென்பொருள் எதுவும் அழித்துத் திருத்த முடியாது. இரண்டாவது, இரகசியச் சாவிகளைத் தன்னுள் பூட்டி வைத்துக்கொண்டு, அந்தக் குறிப்பு சரியாக இருந்தால் மட்டுமே அவற்றை வெளியே தருகிறது. மூன்றாவது, "இந்தக் கணினியில் இன்ன மென்பொருள்தான் ஓடுகிறது" என்று தன் கையொப்பமிட்டு, தொலைவில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்குச் சான்று அனுப்பக்கூடியது. அந்தக் கையொப்பத்துக்கான சாவியைக் கணினியின் உரிமையாளர்கூட வெளியே எடுக்க முடியாது.

இவற்றில் முதல் இரண்டினால் நமக்கு உண்மையாகவே நன்மை உண்டு என்பதை மறுக்கலாகாது. மடிக்கணினி களவு போனாலும், திருடியவர் அதிலுள்ள வட்டை வெளியே எடுத்து நம் குடும்பப் படங்களையும் வங்கி விவரங்களையும் படித்துவிட முடியாதபடி தகவல்கள் காக்கப்படுகின்றன. கணினி தொடங்கும்போதே நுழைந்து ஒளிந்துகொள்ளும் நச்சு நிரல்களைக் கண்டுகொள்ள முடிகிறது. நமது கைபேசியில் உள்ள கைரேகையும் இதேபோன்ற ஒரு தனித்த பாதுகாப்புப் பகுதிக்குள்தான் பாதுகாக்கப்படுகிறது. எனவே பூட்டே வேண்டாம் என்று யாரும் சொல்வதற்கில்லை.

மூன்றாவது வேலையில்தான் சிக்கல் எழுகிறது. நம் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியாருக்குச் சான்று சொல்ல நம் வீட்டிலேயே ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் என்ன சொல்ல வேண்டும் என்பதில் நமக்கு வாக்கு இல்லை. 'நம்பகம்' என்ற சொல்லுக்கு நாம் இயல்பாகக் கொள்ளும் பொருள், நமது கணினியை நாம் நம்பலாம் என்பதுதான். ஆனால் இங்கே அதற்கு இன்னொரு பொருளும் ஒளிந்திருக்கிறது: உரிமையாளர் எதையும் மாற்றிவிட மாட்டார் என்று நிறுவனங்கள் அந்தக் கணினியை நம்பலாம் என்பதே அது. அதாவது, சந்தேகத்துக்கு உரியவர்கள் வரிசையில் நாமும் சேர்க்கப்படுகிறோம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்புத் துறைப் பேராசிரியராக இருந்து 2024இல் மறைந்த ராஸ் ஆண்டர்சன், 2002ஆம் ஆண்டிலேயே இதுபற்றி விரிவாக எழுதி எச்சரித்தார். கணினி மீதான இறுதிக் கட்டுப்பாடு அதை வாங்கியவரிடமிருந்து மென்பொருள் நிறுவனங்களின் கைக்கு மாறும் என்பதும், போட்டியாளர்களை வெளியே நிறுத்தவும் வாடிக்கையாளர்களைக் கட்டிப்போடவும் இது பயன்படும் என்பதும் அவரது கவலையாக இருந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடியான ரிச்சர்ட் ஸ்டால்மன் இதற்குத் 'துரோகக் கணினி முறை' என்றே பெயர் சூட்டினார். இவர்களோடு, ஒரு நடுவழியைச் சொன்னவர்களும் உண்டு. அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமைகள் அமைப்பு 2003இல் ஓர் எளிய யோசனையை முன்வைத்தது. சில்லு இருக்கட்டும், ஆனால் கணினியின் முன் அமர்ந்திருக்கும் உரிமையாளர் விரும்பினால், வெளியே போகும் சான்றில் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கு இருக்கட்டும் என்பதே அந்த யோசனை. நிறுவனங்களின் கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை. பாதுகாப்பு மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், உரிமையாளரிடம் ஒரு சாவி இருப்பதில் அவர்களுக்கு என்ன தயக்கம் என்று அன்றே பலரும் கேட்டார்கள்.

வணிகம் கற்றுத்தந்த பாடங்கள்

இந்தக் கவலை வெறும் கற்பனை அல்ல என்பதை அடுத்து வந்த ஆண்டுகளின் நிகழ்வுகள் காட்டின. இவற்றில் டி.பி.எம். சில்லுக்குப் பங்கு இல்லை. ஆனால் விற்ற பிறகும் பொருளின் பிடி தங்களிடமே இருக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

2005ஆம் ஆண்டில் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் விற்ற சில இசைத்தட்டுகளைக் கணினியில் போட்டவுடன், நகலெடுப்பதைத் தடுக்கும் ஒரு மென்பொருள் அதற்குள் நுழைந்து, தான் இருப்பதே தெரியாதபடி மறைந்துகொண்டது. அது ஏற்படுத்திய ஓட்டை வழியாக வேறு நச்சு நிரல்களும் ஒளிந்துகொள்ள முடிந்தது. காசு கொடுத்துப் பாட்டுக் கேட்டவருக்கு வந்த வினை அது. உண்மை வெளிப்பட்டதும் வழக்குகள் எழுந்தன. நிறுவனம் அத்தட்டுகளைத் திரும்பப் பெற்றது.

2009 ஜூலையில், அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கருவியில் சிலர் வாங்கி வைத்திருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்கள் திடீரென மறைந்துபோயின. அவற்றை விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்று தெரியவந்ததால், நிறுவனம் தொலைவிலிருந்தே அவற்றை அழித்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் நம் அலமாரியில் உள்ள புத்தகத்தைக் கடைக்காரர் இரவில் வந்து எடுத்துப் போகலாம் என்பது அன்று உலகுக்குத் தெரிந்துவிட்டது.

2010 ஏப்ரலில், சோனியின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவியில் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளும் வசதி ஒரு மென்பொருள் மாற்றத்தின் மூலம் நீக்கப்பட்டது. அந்த வசதியைச் சொல்லித்தான் கருவி விற்கப்பட்டிருந்தது. மாற்றத்தை ஏற்காதவர்கள் இணையவழி விளையாட்டை இழந்தார்கள்; ஏற்றவர்கள் லினக்ஸை இழந்தார்கள். 2016 செப்டம்பரில் எச்.பி. நிறுவனத்தின் பல அச்சுப்பொறிகள், அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த பிற நிறுவன மைக்குப்பிகளை ஒரே நாளில் மறுக்கத் தொடங்கின. மை தீரவில்லை, குப்பியும் பழுதில்லை. மென்பொருளின் மனம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

சட்டைப்பைக்குள் ஒரு சுங்கச்சாவடி

கணினியில் முழுமையாக நடக்காதது கைபேசியில் நடந்தது. ஆப்பிள் நிறுவனம் 2008இல் ஐஃபோனுக்கான செயலிக் கடையைத் திறந்தபோது, அந்தக் கடை வழியாக அன்றி வேறு வழியில் செயலிகளை நிறுவ முடியாதபடி அமைத்தது. இதனால் நச்சுச் செயலிகள் பெருமளவு தடுக்கப்பட்டன என்பது உண்மை. அதே வாசலில், விற்பனையில் 30 விழுக்காடு தரகு என்ற சுங்கமும் வாங்கப்பட்டது என்பதும் உண்மை. பாதுகாப்புக்கான கதவும் வசூலுக்கான கதவும் ஒன்றாக இருக்கும்போது, அது எதற்காகப் பூட்டப்படுகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றிய பிறகே, 2024 மார்ச்சில், அங்குள்ள ஐஃபோன்களில் மட்டும் வேறு கடைகளுக்கு ஆப்பிள் வழிவிட்டது. மற்ற பல நாடுகளில் அதே கருவிக்கு அந்த வழி அப்போது திறக்கவில்லை. எனவே தடை கருவியின் இயல்பில் இல்லை என்பது தெளிவாகிறது.

ஆண்ட்ராய்டு கைபேசிகள் இவ்வகையில் தாராளமாக இருந்தன. அங்கும் நிலைமை மாறிவருகிறது. நிறுவனம் கைவிட்ட பழைய கைபேசியில், தன்னார்வலர்கள் உருவாக்கிய லீனியேஜ் ஓ.எஸ். போன்ற இயங்குதளத்தை நிறுவிப் புத்துயிர் கொடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கின்றன. தொலைவிலுள்ள நிறுவனத்துக்குச் சான்று சொல்லும் அந்த மூன்றாவது வேலைதான் இங்கே நடக்கிறது. மேலும், தன்னிடம் அடையாளத்தைப் பதிவு செய்த நிரலாளர்களின் செயலிகளை மட்டுமே ஆண்ட்ராய்டு கைபேசிகளில் நிறுவ முடியும் என்ற திட்டத்தை 2025 ஆகஸ்டில் கூகிள் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும், விவரம் அறிந்த பயனாளர்களுக்கு ஒரு தனிவழி வைப்பதாக நவம்பரில் கூறியது.

கூகிள் சொல்லும் காரணத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கோப்பைத் தொட்டு, வங்கிக் கணக்கில் இருந்ததை எல்லாம் இழந்த குடும்பங்களைப் பற்றி நாமும் கேள்விப்படுகிறோம். ஓய்வூதியத்தை நம்பி வாழும் ஒரு முதியவருக்கு, பூட்டிய கைபேசி ஒரு வேலியே. அந்த வேலியை அவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். வேண்டாதவர் தாமே திறந்துகொள்ள ஒரு வழியும் இருக்கட்டும். நாம் கேட்பது இவ்வளவே.

வயலுக்கும் இந்தப் பூட்டு வந்துவிட்டது. ஜான் டீர் டிராக்டர்களில் சில பழுதுகளை முழுமையாகச் சரிசெய்யத் தேவைப்படும் மென்பொருளை, அந்நிறுவனம் தன் முகவர்களுக்கு மட்டுமே தருகிறது என்று அமெரிக்க விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குறை கூறிவந்தனர். அறுவடை நாளில் வண்டி நின்றுவிட்டால், கையில் ஸ்பேனர் இருந்தும் முகவருக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் கூட்டாட்சி வணிக ஆணையம் இதற்காக அந்நிறுவனம்மீது வழக்குத் தொடர்ந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆயினும், இது கணினி தெரிந்த சிலரின் பொழுதுபோக்குச் சண்டை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. வணிகத்துக்காகச் செய்யப்பட்ட சாவி, வணிகர்களிடம் மட்டுமே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 2025 நவம்பர் இறுதியில், நம் நாட்டின் தொலைத்தொடர்புத் துறை, 'சஞ்சார் சாத்தி' என்ற அரசுச் செயலியைப் புதிய கைபேசிகள் அனைத்திலும் முன்கூட்டியே நிறுவி, அதன் செயல்பாடுகளை முடக்க இயலாதபடி விற்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. களவுபோன கைபேசிகளைக் கண்டுபிடிக்க உதவும் நல்ல செயலிதான் அது. ஆனால் மக்களிடமிருந்தும் எதிர்க்கட்சிகளிடமிருந்தும் எழுந்த கண்டனத்தால், ஒரு சில நாள்களுக்குள், டிசம்பர் 3ஆம் தேதி, கட்டாயம் என்ற ஆணை திரும்பப் பெறப்பட்டது. கருவியின் சாவி உரிமையாளரிடம் இல்லாதபோது, அது யார் கையில் போய்ச் சேரும் என்பது அன்றன்றைய அதிகாரத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

வேறு வழி உண்டா?

உண்டு. அதற்கான சான்றும் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 2012இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது, கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு முறையைப் புதிய கணினிகளில் வைக்குமாறு மைக்ரோசாஃப்ட் கோரியது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. இன்டெல் வகைக் கணினிகளில், உரிமையாளர் விரும்பினால் அதை நிறுத்திவைக்கவும், தம் சொந்தச் சாவியை அதில் சேர்த்துக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும் என்று நிறுவனமே விதி வகுத்தது. அதே ஆண்டில், ஏ.ஆர்.எம். வகைச் சில்லுகள் கொண்ட விண்டோஸ் கருவிகளில், அதை நிறுத்தவே முடியாதபடி வைக்க வேண்டும் என்றும் விதித்தது. நிறுவனமும் ஒன்று, தொழில்நுட்பமும் ஒன்று, ஆண்டும் ஒன்று. ஓரிடத்தில் சாவி உரிமையாளருக்குக் கொடுக்கப்பட்டது, மற்றோரிடத்தில் மறுக்கப்பட்டது. உரிமையாளரிடம் சாவி இருந்தால் பாதுகாப்பே குலைந்துவிடும் என்ற வாதம் இதன் முன் நிற்பதில்லை. சாவியைத் தருவதும் மறுப்பதும் மனிதர் எடுக்கும் முடிவு. மனிதர் எடுத்த முடிவை, மனிதர் கேள்வி கேட்டு மாற்ற முடியும்.

சட்டங்களும் மெல்ல இத்திசையில் நகர்கின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், உதிரிபாகங்களை மென்பொருளால் பூட்டி வைப்பதைத் தடைசெய்யும் சட்டத்தை 2024இல் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனைக்கு வரும் கைபேசிகளுக்கு, அவற்றின் விற்பனை நின்றபின் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மென்பொருள் திருத்தங்களும், 7 ஆண்டுகளுக்கு உதிரிபாகங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையவாசலையும் தொடங்கியது. ஆனால் தகவல் தரும் இணையவாசல் வேறு, நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேறு. அந்தச் சட்டத்தைக் கேட்கும் குரல் நுகர்வோராகிய நம்மிடமிருந்துதான் எழ வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? ஒரு கருவியை வாங்கும் முன், விலையையும் கேமராவையும் மட்டும் பாராமல், சில கேள்விகளைக் கடைக்காரரிடம் கேட்போம். இதற்கு எத்தனை ஆண்டுகள் மென்பொருள் திருத்தம் கிடைக்கும்? மின்கலத்தை வெளியே மாற்ற முடியுமா? நிறுவனம் கைவிட்டபின் வேறு இயங்குதளத்தை நிறுவ இடம் உண்டா? அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பலரும் கேட்கத் தொடங்கினால், கேள்வி மேலே போய்ச் சேரும். ஏற்கெனவே உள்ள பழைய கணினியைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுமுன், அதில் லினக்ஸ் நிறுவ முடியுமா என்று விவரம் அறிந்த இளைஞர் ஒருவரைக் கேட்டுப் பார்ப்போம். கோப்புகளை முதலில் பத்திரமாக நகலெடுத்துக்கொள்ள வேண்டும். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் தட்டச்சு செய்யவும் வசதி உண்டு. கடிதம் எழுதவும், கணக்கு வைக்கவும், பிள்ளைகள் பாடம் படிக்கவும் அந்தக் கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

அன்பர்களே, நம் முன்னோர் வீடு கட்டி முடித்ததும், கொத்தனாரும் தச்சரும் கூலியும் மரியாதையும் பெற்றுக்கொண்டு, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். தச்சர் ஒரு சாவியைத் தம் மடியில் வைத்துக்கொண்டு போயிருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த வீட்டில் யாராவது நிம்மதியாக உறங்கியிருப்பார்களா? நம்பிக்கை என்பது கேட்டுப் பெற வேண்டியது. உள்ளே வைத்துப் பூட்டி, நம்பித்தான் ஆக வேண்டும் என்று சொல்வதற்குப் பெயர் வேறு. அடுத்த முறை ஒரு கருவியின் திரையில் "ஏற்றுக்கொள்கிறேன்" என்ற பொத்தானைத் தொடும் முன், இதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு கணம் கேட்டுப் பார்ப்போம்.